ஆரஞ்சு நிறக் கேபிளுக்குள் என்ன இருக்கிறது?

மின்சாரக் கார் ஒன்றின் முன்மூடியைத் திறக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பும் சாம்பல் நிறமுமான பாகங்களுக்கு நடுவே சில தடித்த கேபிள்கள் மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் தெரியும். இது அழகுக்காகக் கொடுத்த நிறம் அன்று. 'என்னைத் தொடாதே!' என்பதே அதன் பொருள்.

ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 100, நேர்மின்னோட்டமானால் 60 வோல்ட்டுக்கு மேலும், மாறுதிசை மின்னோட்டமானால் 30 வோல்ட்டுக்கு மேலும் உள்ளதை 'உயர் மின்னழுத்தம்' என்று வரையறுக்கிறது. பெட்டிகளுக்கு வெளியே செல்லும் உயர் மின்னழுத்தக் கேபிள்களின் மேலுறை ஆரஞ்சு நிறத்தில் இருக்கவேண்டும் என்பதும் அவ்விதியே. இந்திய விதியும் இதையே கூறுகிறது.

ஏன் இவ்வளவு வோல்ட்?

சாதாரணக் காரின் பாட்டரி 12 வோல்ட் தருகிறது. மின்சாரக் காருக்கு அது ஏன் போதாது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மோட்டாரின் திறன் 80 கிலோவாட். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது என்று படித்திருப்பீர்கள். 12 வோல்ட்டில் 80,000 வாட் வேண்டுமானால் ஏறத்தாழ 6,670 ஆம்பியர் பாயவேண்டும்! அதே திறனை 360 வோல்ட்டில் பெற 222 ஆம்பியரே போதும்.

கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் 30 மடங்கானால், அதே கம்பியில் வெப்பம் 900 மடங்காகும். ஆகவே மின்னழுத்தத்தை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. 2019-இல் வந்த போர்ஷே டைகான் 800 வோல்ட் அமைப்பையே கொண்டு வந்துவிட்டது.

லீஃப் காரின் 360 வோல்ட் எப்படிக் கிடைக்கிறது? ஒரு லித்தியம் அயனி மின்கலம் தருவது சுமார் 3.75 வோல்ட்தான். இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்த கலங்களை 96 படிகளாகத் தொடர் இணைப்பில் கோத்திருக்கிறார்கள். 96-ஐ 3.75-ஆல் பெருக்குங்கள்; விடை 360!

அணைக்க முடியாத பாட்டரி

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினை நிறுத்தலாம். வீட்டில் மெயின் சுவிட்சை அணைக்கலாம். ஆனால் வேதிவினையால் மின்னழுத்தம் தரும் மின்கலத்துக்கு 'அணை' என்னும் பொத்தானே கிடையாது. கார் நின்றாலும், சாவியை எடுத்தாலும், அடுக்கின் இரு முனைகளுக்கிடையே அந்த மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அதை அணைக்க முடியாது. வேலி போட்டு அடைக்கத்தான் முடியும். அந்த வேலிகளைப் பார்ப்போமா?

முதல் வேலி, காரின் உடலோடு தொடர்பின்மை. 12 வோல்ட் பாட்டரியின் எதிர்முனை காரின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். உயர் மின்னழுத்தச் சுற்றின் இரு முனைகளில் எதுவும் அப்படி உடலோடு இணைவதில்லை. ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஏன் அதிர்ச்சி இல்லை? மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லாததால்தான். இங்கும் அதே தத்துவம். நேர்மின்னோட்டச் சுற்றுக்கும் உடலுக்கும் இடையே ஒவ்வொரு வோல்ட்டுக்கும் குறைந்தது 100 ஓம் மின்தடை வேண்டும் என்கிறது விதி. ஓம் விதிப்படி பார்த்தால், கசிவு 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. காப்பு எங்காவது பழுதடைந்தால், அதை அளந்துகொண்டே இருக்கும் கருவி ஓட்டுநரை எச்சரிக்கும்.

இரண்டாவது வேலி, காண்டாக்டர். இது பெரிய ரிலே போன்றது. நேர்முனைக்கு ஒன்றும் எதிர்முனைக்கு ஒன்றுமாகப் பாட்டரிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இதை மூடிவைக்கும் மின்காந்தத்துக்கு 12 வோல்ட் பாட்டரி மின்சாரம் தருகிறது. அது நின்றால் வில்விசை காண்டாக்டரைத் திறந்துவிடும். பெரிய பாட்டரி நிறைந்திருந்தும், சின்னப் பாட்டரி தீர்ந்தால் கார் கிளம்பாமல் நிற்பது இதனால்தான்.

காண்டாக்டர் திறக்கும்போது தீப்பொறி வில் தோன்றும். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் வில் தானே அணையும். நேர்மின்னோட்டத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. எனவே காந்தங்களை வைத்து வில்லை இழுத்து நீட்டி அறுக்கிறார்கள்.

மூடும்போதும் ஒரு சங்கடம் உண்டு. நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டரில் பெரிய மின்தேக்கி ஒன்று இருக்கிறது. காலியான மின்தேக்கி முதல் கணத்தில் பெருமளவு மின்னோட்டத்தை உறிஞ்சும்; காண்டாக்டர் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டிக்கொண்டால் வேலியே போயிற்று! அதனால் முதலில் ஒரு மின்தடை வழியாக மின்தேக்கியை நிரப்பிவிட்டு, பிறகே முதன்மைக் காண்டாக்டரை மூடுகிறார்கள். மின்சாரக் கார் தயாராகும்போது கேட்கும் 'டொக், டொக்' ஓசை இவற்றிலிருந்து எழுவதே.

மூன்றாவது வேலி, காவல் சுற்று. உயர் மின்னழுத்த இணைப்பான்கள் எல்லாவற்றின் ஊடேயும் ஒரு மெல்லிய கம்பி சென்று வருகிறது. யாராவது ஓர் இணைப்பானைக் கழற்றினால் இந்தச் சுற்று அறுபடும். உடனே கட்டுப்பாட்டுக் கருவி அதை உணர்ந்து பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கும்.

விபத்து நேர்ந்தால்?

மோதலை உணரும் கருவிகள் காண்டாக்டர்களைத் திறக்கச் செய்கின்றன. ஆனால் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்குமே! அதையும் வடிக்கவேண்டும். 60 வினாடிகளுக்குள் மின்னழுத்தம் 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்பது மோதல் சோதனைகளில் பார்க்கப்படும் அளவுகளில் ஒன்று. பழுது பார்ப்பவர்களும் இணைப்பைத் துண்டித்தபின் சில நிமிடங்கள் காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை அணிந்து, மீட்டரால் சோதித்த பிறகே வேலையைத் தொடங்குகிறார்கள்.

மீட்புப் பணியினருக்கும் இது உயிர்ப் பிரச்சினை. நசுங்கிய காரிலிருந்து ஒருவரை வெளியே எடுக்க உலோகத்தை வெட்டவேண்டும். எங்கே வெட்டலாம், எங்கே கூடாது? ஆரஞ்சு நிறம்தான் அவர்களுக்கு விடை சொல்கிறது. அதை விட்டுவிட்டு 12 வோல்ட் இணைப்பைத் துண்டித்தால் காண்டாக்டர்கள் மூட முடியாது. கேபிள்களிலிருந்து பாட்டரி பிரிந்து நிற்கும். இருந்தாலும் பாட்டரிப் பெட்டியைத் துளைக்கவோ வெட்டவோ மாட்டார்கள். ஏனென்றால் பெட்டிக்குள்ளே அந்த 360 வோல்ட் அப்படியே இருக்கிறது.

நீங்களும் இதை நினைவில் வையுங்கள். விபத்துக்குள்ளான, அல்லது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த மின்சாரக் காரைக் கண்டால் விலகி நில்லுங்கள். பெரியவர்களிடம் சொல்லித் தீயணைப்புத் துறைக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். எஞ்சின் ஓசை கேட்கவில்லை என்பதால் கார் அணைந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். ஆரஞ்சு நிறம் எங்கே தெரிகிறதோ, அங்கே உங்கள் கை போகவேண்டாம்.