அடுப்பை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்: பவர் சப்ளைக்கு ஒரு சோதனை லோடு

கேஸ் தீரும் தறுவாயில் இருக்கும் சிலிண்டரில் ஒரு பர்னரை மட்டும் பற்றவைத்தால் தீ நன்றாகவே எரியும். எல்லாப் பர்னரையும் முழுதாகத் திறந்தால்தான் தீ தாழும். பவர் சப்ளையும் அப்படித்தான். எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரை வைத்தால் நோஞ்சான் சப்ளைகூட 12 வோல்ட் காட்டும். மேலே அச்சிட்ட ‘2 ஆம்பியர்’ நிஜமா என்று அறிய, 2 ஆம்பியரை இழுத்தே பார்க்க வேண்டும். அதற்குத்தான் சோதனை லோடு.

குமிழ் இல்லாத அடுப்பு

எளிய லோடு, 6 ஓம் ரெசிஸ்டர். 12ஐ 6ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். வெப்பம் 24 வாட். அலுமினிய உறை போட்ட 50 வாட் ரெசிஸ்டரை ஹீட் சிங்க்கில் இறுக்கினால் தாங்கும். ஆனால் இதில் தீயைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கார் பல்பைப் போட்டாலோ, இழை குளிர்ந்திருக்கும் முதல் கணத்தில் பல மடங்கு கரன்ட்டை இழுக்கும். நல்ல சப்ளையும் பயந்து அணைந்துவிடும்.

குமிழும் கண்ணும்

அதனால் குமிழாக மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரை வைக்கிறோம். அதன் கேட் என்ற முனையில் வோல்டேஜ் ஏற ஏற, வழி திறக்கும். அதற்குக் கீழே 1 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். 2 ஆம்பியர் ஓடினால் அதில் சரியாக 2 வோல்ட் விழும். நாம் கவனிக்கும் தீ அதுதான். எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் கண்ணாக இருந்து, அந்த வோல்டேஜையும் நாம் பொட்டென்ஷியோமீட்டரில் வைத்த வோல்டேஜையும் ஒப்பிட்டு, குறைந்தால் குமிழைத் திறக்கிறது, கூடினால் மூடுகிறது. சப்ளையின் வோல்டேஜ் சற்று இறங்கினாலும் கரன்ட் மாறாது.

ஆப்-ஆம்புக்குத் தனி 12 வோல்ட் கொடுங்கள். கிரவுண்டு மட்டும் பொதுவாக இருக்கட்டும். சோதிக்கும் சப்ளையிலிருந்தே எடுத்தால், அது தளரும்போது கண்ணும் மங்கிவிடும். கேட்டுக்கு முன்னால் 100 ஓம் போட்டால் சர்க்யூட் அலைபாயாது.

சூடு எங்கே போகிறது?

24 வாட்டில் 4 வாட் 1 ஓமில் போகும். மீதி 20 வாட்டும் மாஸ்ஃபெட்டின் தலையில். ஐஆர்எஃப்இசட்44என் போன்றதை வெறுமனே விட்டால் வாட்டுக்குச் சுமார் 62 டிகிரி ஏறும். அப்படியானால் 2 வாட்டுக்கே அறை வெப்பத்துக்கு மேல் 124 டிகிரி! பெரிய ஹீட் சிங்க்கும் ஃபேனும் கட்டாயம். மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு அதன் டிரெயின் முனையோடு இணைந்தது. தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையில் மைக்கா தாள் வையுங்கள்.

அளப்பது எப்படி?

அரை அரை ஆம்பியராகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் சப்ளையின் முனைகளிலேயே வோல்டேஜைப் பாருங்கள். ஒயரில் 0.1 ஓம் இருந்தாலும் 2 ஆம்பியரில் 0.2 வோல்ட்டை அது விழுங்கிவிடும். முழு லோடில் அரை மணி நேரம், பக்கத்திலேயே இருந்து ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் 12 வோல்ட்டுக்கு நெடுங்காலம் அனுமதித்துவந்த வரம்பு 11.4 முதல் 12.6 வரை. நம் சப்ளைக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ரவுட்டரோ கேமரா ரெக்கார்டரோ அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால், பல வீடுகளில் கருவியைத்தான் மாற்றுகிறார்கள். முதலில் அதன் அடாப்டரை இந்த லோடில் ஏற்றிப் பாருங்கள். பழுது அடாப்டரில் என்றால், செலவு அதன் விலையோடு நின்றுவிடும்.