பனை மரமா, புல்லா?

பனையைத் தறித்தவர்களுக்குத் தெரியும்: கோடரி திணறுவது வெளிப்பக்கத்தில்தான். உள்ளே போகப் போகச் சோறு போல மெத்தென்று இருக்கும். புளி இதற்கு நேர்மாறு; அதன் வைரம் நடுவில். இந்த ஒன்றை வைத்தே தொல்காப்பியம், வெளியில் வைரம் கொண்டவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரித்தது. இன்றைய தாவரவியலும் பனையை நெல், மூங்கில் பக்கம்தான் சேர்க்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், தாவரம் எது? பச்சையத்தின் துணையால் வெயிலில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. மிஞ்சிய உணவை மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கும். காளானுக்குப் பச்சையம் இல்லை. அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின். அதனால்தான் 1969இல் விட்டேக்கர் தம் ஐந்துலக வகைப்பாட்டில் பூஞ்சைகளைத் தனி உலகமாக வைத்தார்.

இனி, நான்கு கேள்விகள் கேட்டால் தாவர உலகம் தானாகப் பிரிந்துவிடும்.

குழாய் உண்டா? மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் பச்சை வெல்வெட்டாகப் படரும் மாஸுக்கு, நீரை ஏற்றும் சைலமும் இல்லை, உணவைக் கடத்தும் ஃபுளோயமும் இல்லை. அதனால் உயர்ந்து வளர முடியாது. இவை பிரையோபைட்டுகள். பாசிகளுக்கோ வேர், தண்டு, இலை என்ற பிரிவே கிடையாது.

விதை உண்டா? பெரணிக்குக் குழாய் உண்டு, விதை இல்லை. இலையின் அடியில் தெரியும் பழுப்புப் புள்ளிகளில் ஸ்போர்கள் இருக்கும். இவை டெரிடோபைட்டுகள். மாஸிலும் பெரணியிலும் ஆணணு நீரில் நீந்தித்தான் முட்டையைச் சேர வேண்டும். அவை ஈரத்தை விட்டு விலகாததற்கு இதுவே காரணம்.

விதை மூடியிருக்கிறதா? பைன் கூம்பின் செதில்மேல் விதை திறந்தே கிடக்கும். இவை ஜிம்னோஸ்பெர்ம்கள். பூத்துக் காய்ப்பவற்றில் சூலகம் விதையை மூடிக் கனியாகிறது. இவை ஆஞ்சியோஸ்பெர்ம்கள், சுமார் 3 லட்சம் இனங்கள்.

வித்திலை எத்தனை? ஊறிய புளியங்கொட்டை இரண்டாகப் பிளக்கும். அவை இரு வித்திலைகள். பனைக்கு, நெல்லுக்கும் மூங்கிலுக்கும் போலவே, ஒன்றே ஒன்று; இவை ஒருவித்திலைத் தாவரங்கள். முளைத்த பனங்கொட்டையை வெட்டித் தின்கிறோமே தவுன், யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள், அது அந்த ஒற்றை வித்திலையின் நுனிதான்.

வைரத்தின் கதையும் இங்கேதான் இருக்கிறது. புளியின் தண்டில் குழாய்கள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றிடையே உள்ள வளர்திசு ஆண்டுதோறும் புதுக்கட்டையைச் சேர்க்க, நடுவில் உள்ள பழங்கட்டை வைரமாகிறது. பனையில் அந்த வளர்திசு இல்லை. சிதறிக் கிடக்கும் குழாய்கள் விளிம்பில் நெருங்கி நிற்கின்றன; பனஞ்சட்டத்தில் தெரியும் கருங்கோடுகள் அவைதான்.

தொல்காப்பியம் சொல்லும் புல், ஒருவித்திலைத் தாவரங்களோடு முற்றிலும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது ஓலையைப் புல்லின் உறுப்பாகவும் இலையை மரத்தின் உறுப்பாகவும் வைத்தது. புளிய இலை என்றும் பனை ஓலை என்றும் சொல்லும்போது, நாமும் அந்தப் பிரிவைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.