பரணிலிருந்து இறங்கும் வீணை

பழைய வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோதான் பரணில் கிடக்கும் பாட்டியின் வீணை கீழே வருகிறது. தந்தி அறுந்து, மெழுகு உதிர்ந்து, சுரைக்காய் விரிசல் விட்டிருக்கும். பழம்பொருள் வியாபாரி ஒருவர் "வெறும் பலா மரம்தாம்மா" என்று ஒரு விலை சொல்வார். அந்த அவசரத்தில் சில குடும்பங்கள் ஏமாறுகின்றன; சில, தெரியாமலே சட்டத்தை மீறுகின்றன.

முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். உருண்டையான குடமும் நீண்ட தண்டியும் தனித்தனியாகச் செய்து இணைத்தது ஒட்டு வீணை. ஒரே பலா மரத்துண்டில் குடைந்து எடுத்தது ஏகாந்த வீணை. அதற்கு மதிப்பு அதிகம். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் அலங்காரப் பட்டை ஓடினால், அதன் அடியில் ஒட்டு இருக்கிறதா என்று விளக்கொளியில் உற்றுப் பார்க்கலாம். மெழுகையும் தந்தியையும் வைத்து வயதைக் கணிப்பது பெரிய தவறு. வாசிக்கிற வீணைக்கு அவ்வப்போது மேளம் கட்டுவார்கள், அதாவது 24 மெட்டுகளையும் புது மெழுகில் பதிப்பார்கள். சுரைக்காயும், தந்தியை முறுக்கும் பிருடைகளும்கூட மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே மெழுகு புதிது என்பதால் வீணையும் புதிதாகிவிடாது. யாளி முகத்தின் செதுக்கல், குடத்தின் உட்புறம், பாட்டி அதை மடியில் வைத்திருக்கும் பழைய புகைப்படம் ஆகியவைதான் உறுதியான சாட்சிகள். இவற்றைப் படம் எடுத்து, தஞ்சாவூரில் வீணை செய்பவர் இருவரிடமாவது தனித்தனியே காட்டுவது நல்லது. அதுவரை பாலிஷ் போடவே கூடாது.

அடுத்தது வெள்ளை வேலைப்பாடு. பழைய வீணைகளில் யானைத் தந்தம், மான் கொம்பு, எலும்பு எல்லாம் பதித்திருப்பார்கள். பிற்காலத்தில் பிளாஸ்டிக் வந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் எலும்பில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம், பொருள்தான் பாழாகும்.

தந்தம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வருகிறது. வாரிசாகப் பெறுவதற்குத் தடையில்லை. ஆனால் பெற்ற 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமோ அறிவிக்க வேண்டும். வனத்துறை தரும் உரிமைச் சான்று கையில் இருந்தாலும் விற்க முடியாது. முன்தலைமுறையில் யாரும் பதிவு செய்யவில்லை என்றால், மறைத்து வைப்பதைவிட வழக்கறிஞரைக் கலந்துகொண்டு மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் தெரிவிப்பதே பாதுகாப்பு.

வீணை 100 ஆண்டுகளைக் கடந்திருந்தால் இன்னொரு சட்டமும் உண்டு. கலைவேலைப்பாடுள்ள அத்தகைய பொருள், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படலாம். அப்படியானால் தனிநபர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள், பொருள் தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறுவது அவசியம். விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது வீண் வேதனை.

வீட்டுக்குள் எழும் கேள்வி இதைவிடக் கசப்பானது: வீணை யாருடையது? பாட்டி உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவர், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. நகை, நிலம் என்றால் பங்கு கேட்கும் குடும்பங்கள் வீணையை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டில் இருக்கும் அண்ணன் தனியாக விற்றால், மற்றவர்கள் தங்கள் பங்கைக் கேட்டு வழக்குத் தொடரலாம். அந்த வீணையில் பாடம் கற்ற மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்பது பெரிய அநியாயம்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தப் பாகம் மாற்றப்படும் என்று எழுதி, கையெழுத்துடன் ரசீது வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பிக் கேட்கலாம். யாளி முகமோ தந்தப் பட்டையோ மாறியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வீணையையே திருப்பித் தர மறுத்தால், அதே ரசீதோடும் படங்களோடும் காவல் நிலையத்தில் நம்பிக்கை மோசடிப் புகார் அளிக்கலாம்.