சேற்றில் ஓடும் இயற்பியல்

டயரில் காற்றைக் குறைத்தால் மோட்டார் சைக்கிள் நன்றாக ஓடுமா? பெட்ரோல் நிலையத்தில் அப்பா கப்சாய்க்குக் காற்றடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ‘ஓடாது’ என்றுதான் சொல்வீர்கள். ஆனால் உலு லங்காட் பக்கம் காட்டுப்பாதைக்குப் போகும் அண்ணன்மார்கள், புறப்படுமுன் குனிந்து டயரிலிருந்து காற்றைப் பாதியாக இறக்கிவிடுவார்கள். அவர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர்.

அந்தக் காட்டுப்பாதைப் பந்தயத்தின் பெயர் எண்டூரோ. தாக்குப்பிடித்தல் என்று பொருள். 1913-இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய ஆறு நாள் போட்டிதான் இதன் மூத்த வடிவம், இன்றும் நடக்கிறது. பாரம்பரிய எண்டூரோவில் சோதனை நிலையத்துக்குத் தாமதமாக வந்தாலும் தண்டனை, முன்கூட்டியே வந்தாலும் தண்டனை. வேகத்தைவிடக் கணக்கு முக்கியம்.

உங்களில் சிலருக்கு 16 வயதாகிவிட்டது. பி2 உரிமம் எடுக்கலாம். யாராவது முதல் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க நினைத்தால், முதலில் இயற்பியல் புத்தகத்தைத் திறக்கச் சொல்வேன்.

வண்டி, ஓட்டுநர், கவச உடைகள் எல்லாம் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டயர் பாதியைச் சுமந்தால் ஏறக்குறைய 900 நியூட்டன் விசை. டயரில் காற்றழுத்தம் 200 கிலோபாஸ்கல் என்றால், விசையை அழுத்தத்தால் வகுங்கள்: தரையைத் தொடும் பரப்பு சுமார் 45 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 100 கிலோபாஸ்கலாகக் குறைத்தால் அது 90 ஆகிவிடும். டயரின் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் விஷயம் புரிகிறதல்லவா? பரப்பு இரட்டிப்பானால் டயர் சேற்றில் அவ்வளவு எளிதில் புதையாது. வேரின் மேலும் கல்லின் மேலும் வளைந்து படியும். அதற்காக இன்னும் இறக்கிக்கொண்டே போகக்கூடாது. கல்லில் மோதும்போது உள்டியூப் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கிக் கிழியும். காட்டு வண்டிகளுக்குப் பெரும்பாலும் 80 முதல் 100 கிலோபாஸ்கல் வரை வைப்பார்கள்.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிழக்கே உலு லங்காட் மலைப்பக்கம் போனால், கருங்கல் பாறை சிதைந்து உண்டான மண். இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால் பல இடங்களில் சிவந்திருக்கும். மேற்கே கிள்ளான் கடலோரம் போனால் சாம்பல் நிறக் கடற்களிமண். களிமண்ணின் துகள்கள் தட்டுத் தட்டாக இருப்பவை. மழைநீர் அவற்றின் இடையே புகுந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதைவிடத் தொல்லை, டயரின் கட்டைகளுக்கு நடுவே களிமண் அடைத்துக்கொள்வது. அடைத்துவிட்டால் உங்கள் விலை உயர்ந்த டயர் வெறும் உருளைதான். அப்போது சக்கரத்தைச் சிறிது வேகமாகச் சுழலவிட்டால் சேறு தெறித்து வெளியேறும். பின்னால் வருபவர் முகத்தில்தான் விழும், அவர் மன்னித்துவிடுவார். ஈர வேர்களை மட்டும் நேர்குறுக்காகக் கடந்துவிடுங்கள். சாய்வாக ஏறினால் சக்கரம் வேரோடு வழுக்கிப் போகும். வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கையும் தொடாதீர்கள், முடுக்கவும் வேண்டாம்.

புதியவர்கள் உட்கார்ந்தே ஓட்டுவார்கள், கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார்கள். இரண்டும் தவறு. மிதிகட்டைமேல் எழுந்து நின்றால் முழங்காலும் கணுக்காலும் விற்சுருளாக வேலை செய்யும்; வண்டி உங்களுக்குக் கீழே குதிக்கும், உடல் அவ்வளவாகக் குலுங்காது. கையை இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசை விறைத்து, இரத்த ஓட்டம் குறைந்து, அரை மணி நேரத்திலேயே பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகலாம். கண்ணையும் முன்சக்கரத்தில் வைக்காதீர்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். நீங்கள் யோசிக்கும் அந்த ஒரு நொடியில் ஒரு பெரிய லாரியின் நீளத்தைக் கடந்திருப்பீர்கள்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் எண்டூரோ ஓட்டுபவருக்குச் சேறு பெரிய எதிரி இல்லை; வெப்பம்தான்.

படிவம் 4-இல் உள்ளுறை வெப்பம் படிப்பீர்கள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். நன்றாக உழைக்கும் ஓட்டுநரின் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட அந்த அளவே இருக்கலாம். கணக்கு சரியாகிறது, ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். மழை பெய்து ஓய்ந்த காட்டுக்குள் காற்று ஏற்கெனவே நீராவியால் நிரம்பியிருக்கும். வியர்வை சொட்டிச் சொட்டி விழும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. மேலே தலைக்கவசமும் மார்புக்கவசமும் வேறு. 2024 டக்கார் ராலியில் ரேலி 2 பிரிவை வென்ற கேரளத்து ஹரித் நோவா ஓடியது சவூதிப் பாலைவனத்தில். அங்கே வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் பாலைவனம் நம் காட்டைவிட இரக்கமானது!

ஆகவே தாகம் வருமுன்பே சிறிது சிறிதாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் நாம் இழக்கும் சோடியம் குறைவு; கூடவே ஒரு சிட்டிகை உப்பு வேண்டும். நண்பன் உளற ஆரம்பித்தால், வழி தடுமாறினால், அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, கவசத்தைக் கழற்றி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 999-ஐ அழையுங்கள். பந்தயம் அத்துடன் முடிந்தது.

இன்னொன்று ஆறு. மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் வெள்ளம் திடீரென்று பாய்ந்து வரும். மலாய்க்காரர்கள் இதைக் ‘கெபாலா ஆயர்’ என்பார்கள், அதாவது நீரின் தலை. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீரே வண்டியைச் சாய்த்துவிடும். தெளிந்த ஆறு கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், கரையேறிவிடுங்கள். வண்டி போனால் போகட்டும்.

எல்லாம் நல்லபடி முடிந்து வீடு திரும்பும்போது வேலை ஒன்று பாக்கி இருக்கும். அது சாலையில் ஓட்ட அனுமதி உள்ள வண்டியானால், தாரில் ஏறுமுன் டயரில் மறுபடி காற்றடியுங்கள். காற்று குறைந்த டயர் தார்ச்சாலையில் வளைந்து வளைந்து சூடாகும், திருப்பத்தில் ஆடும். பந்தய வண்டியானால் லாரியில் ஏற்றுங்கள். ஏற்றுமுன் சேற்றைக் கழுவிவிடுங்கள், காய்ந்த களிமண்ணைச் சுரண்டுவது இன்னொரு எண்டூரோ.