இந்தியாவில் பட்டாசுக் கட்டுப்பாடுகள்

பட்டாசுக் கட்டுப்பாடுகள் என்பன பொதுமக்கள் வாங்கி வெடிக்கும் பட்டாசுகளின் உற்பத்தி, விற்பனை, வெடிக்கும் நேரம் ஆகியவற்றுக்கு அரசும் நீதிமன்றங்களும் விதித்துள்ள வரையறைகள் ஆகும். பட்டாசு வெடிப்பதைத் தனிமனிதரின் பொறுப்புணர்வுக்கு விட்டுவிடலாமா, அல்லது சட்டம் தலையிட வேண்டுமா என்பது தீபாவளியை ஒட்டி ஆண்டுதோறும் விவாதிக்கப்படுகிறது.

சட்ட வரையறைகள்

1884 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ்ப் பட்டாசு உற்பத்திக்கும் விற்பனைக்கும் உரிமம் தேவை. 1999 இல் நடுவண் அரசு ஒலிக்கு வரம்பு விதித்தது. இதன்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒலி 125 டெசிபெல்லை மீறக் கூடாது. டெசிபெல் ஒரு மடக்கை அளவாகும். 10 டெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும். 2005 இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியெழுப்பும் பட்டாசுகளுக்குத் தடை விதித்தது.

2018 ஆம் ஆண்டுத் தீர்ப்பு

தில்லியின் வளி மாசைக் குறைக்கக் கோரி, 6 முதல் 14 மாத வயதுடைய மூன்று குழந்தைகளின் சார்பில் 2015 இல் உச்ச நீதிமன்றத்தில் மனு அளிக்கப்பட்டது. 2018 அக்டோபர் 23 அன்று வெளியான தீர்ப்பு முழுத் தடையை மறுத்துப் பின்வரும் கட்டுப்பாடுகளை விதித்தது:

* தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம்.
* பச்சை நிறம் தரும் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது.
* சரவெடிகளையும் இணையவழி விற்பனையையும் அனுமதிக்கக் கூடாது.
* புகை குறைந்த பட்டாசுகளை மட்டுமே விற்கலாம்.

மீறல்களுக்கு அப்பகுதிக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார் என்றும் தீர்ப்பு கூறியது. பின்னர் நேரத்தை மாற்றியமைக்க அனுமதி கிடைத்ததால், தமிழ்நாடு காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என நிர்ணயித்தது.

தனிமனிதப் பொறுப்பை ஆதரிக்கும் வாதங்கள்

வாகனங்களும் தொழிற்சாலைகளும் ஆண்டு முழுவதும் காற்றை மாசுபடுத்துகையில், சில நாள் பண்டிகையைக் கட்டுப்படுத்துவது முறையன்று என்பர் ஒரு சாரார். வீதிதோறும் காவலரை நிறுத்த இயலாது என்பதும், சிவகாசிப் பகுதித் தொழிலாளர்களின் பிழைப்பு பாதிக்கப்படும் என்பதும் இவர்களின் பிற வாதங்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகத் தாமாகவே பட்டாசைத் தவிர்த்து வருவது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

கட்டுப்பாட்டை ஆதரிக்கும் வாதங்கள்

கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க வெடிப்பவரின் கவனம் உதவும். ஆனால் புகையும் ஒலியும் அவரோடு நிற்பதில்லை. அவற்றைத் தவிர்க்கும் வாய்ப்பு கைக்குழந்தைக்கோ ஆசுத்துமா நோயாளிக்கோ இல்லை. நகரத்தில் ஒருவர் மட்டும் தவிர்ப்பதால் காற்றில் மாற்றம் தெரியாது. எனவே பிறரும் தவிர்ப்பர் என்ற உறுதி தேவைப்படுகிறது. மேலும், பட்டாசில் பேரியம் உள்ளதா என்பதை வாங்குபவர் பார்த்து அறிய முடியாது. அதற்கான பொறுப்பை உற்பத்தியாளர் மீது சட்டமே சுமத்த இயலும்.

நடைமுறை

வேதியியல் கலவை மீதான விதியைத் தொழிற்சாலையில் சோதிக்கலாம். நேர வரம்போ பெரிதும் மக்களின் ஒத்துழைப்பையே நம்பியுள்ளது. தில்லியில் 2020 முதல் முழுத் தடைகள் விதிக்கப்பட்டும் வெடிச்சத்தம் ஓயவில்லை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வெளியிலிருந்து கடத்தி வரப்படும் பட்டாசுகள் கூடுதல் தீங்கு விளைவிப்பதைச் சுட்டி, அங்கும் பசுமைப் பட்டாசுகளைச் சில நாட்களுக்கு அனுமதித்தது.

இவற்றையும் பார்க்க

* சிவகாசி
* ஒலி மாசு
* வளி மாசு