சுருட்டுப் பெட்டிக்கும் தாகம் எடுக்கும்!

வாசகர்களே, மழை நாளில் உங்கள் அடுப்பங்கரை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து ஈரமாக இருக்கும். காற்றின் ஈரம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு கசியும். இதே உப்புதான் குளிர்நாட்டில் விலையுயர்ந்த சுருட்டுகளைக் காக்க உதவுகிறது என்றால் நம்புவீர்களா?

கனடா போன்ற நாடுகளில் பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றுவார்கள். 0 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதையே 20 டிகிரிக்குச் சூடாக்கினால் 17 கிராம் தாங்கும். புதிதாக நீர் சேராததால் ஈரம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வறண்ட அந்தக் காற்று பெட்டியின் இடுக்கு வழியே சுருட்டின் ஈரத்தை உறிஞ்சும். மேல் இலை வெடிக்கும், மணமும் போய்விடும். போன மணம் திரும்பாது.

சுருட்டுக்குத் தேவை 65 முதல் 70 விழுக்காடு ஈரம். அதனால் செடார் மரப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைப்பார்கள். அதற்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. குழாய் நீரின் உப்புகள் பஞ்சை அடைத்துவிடும். பனிக்காலத்தில் பஞ்சு சீக்கிரம் காயும். வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சூடேற்றும் கருவியின் அருகே பெட்டியை வைக்கக் கூடாது. காய்ந்த சுருட்டுக்கு அவசரமாக ஈரம் ஏற்றினால் இலை பிளக்கும். மெல்ல மெல்லவே ஏற்ற வேண்டும்.

பெட்டியிலுள்ள ஈரமானி பொய் சொன்னால்? உப்பைச் சிறிது நீர்விட்டுச் சேறுபோல் குழைத்துச் சிறு மூடியில் இட்டு, ஈரமானியோடு காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வையுங்கள். முள் 75இல் நிற்க வேண்டும். 70 காட்டினால், 5 கூட்டிப் படியுங்கள்.

நம் பக்கத்திலோ கதை நேர்மாறு. இங்கே சுருட்டு காய்வதில்லை, பூசணம் பூக்கும். அதை முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை மணி, கசிகிற அந்த உப்பு ஜாடிதான்!