டயல் டோனிலிருந்து டவர் வரை

கம்ப்யூட்டர் ஓரிடம், அதை இயக்குபவர் வேறிடம், நடுவே ஒரு தொலைபேசிக் கம்பி. 1940இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் இருந்தபடியே ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் நியூயார்க்கில் இருந்த கணிப்பொறிக்குக் கணக்கு அனுப்பி விடை வாங்கிக் காட்டினார். தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் அந்த ஏற்பாடு தருமபுரி மாவட்டத்துக்கு வந்து சேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

1980களின் பிற்பாதியில் தேசியத் தகவலியல் மையம் 'நிக்நெட்' வலைப்பின்னலைச் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களுக்குக் கொண்டுவந்தது. அங்குள்ள அரசு அலுவலகக் கம்ப்யூட்டர்கள் மாநில, நாட்டுத் தலைநகரங்களோடு பேசத் தொடங்கின. ஆனால் மனுவோடு வரிசையில் நின்றவருக்கு அந்தக் கம்ப்யூட்டர் அறையில் வேலை இல்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. நுழைவாயில்கள் எல்லாம் பெருநகரங்களில். தருமபுரிக்காரர் இணைய வேண்டுமானால் சென்னைக்கோ பெங்களூருக்கோ எஸ்.டி.டி. போட வேண்டும். மாணவர்களுக்கான, எழுத்து மட்டும் வரும் ஷெல் கணக்கு ஆண்டுக்கு 500 ரூபாய்தான், எஸ்.டி.டி. மீட்டர் அதற்கு மேல் ஓடும். அதனால் கட்டணம் குறையும் இரவு நேரமே இணைய நேரம்.

அந்த இணைப்பு கிடைக்கும் விதமே தனி. முதலில் ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மோடம் எண்களைச் சுழற்றும். எதிர்முனையிலிருந்து ஒரு நீண்ட ஊளை வரும். இரண்டு மோடங்களும் கீச்சிட்டு, இரைந்து, எந்த வேகத்தில் பேசுவது என்று முடிவு செய்ததும் ஸ்பீக்கர் அடங்கும். பெட்டியின் முகப்பில் சி.டி. என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் கேரியர் கிடைத்துவிட்டது என்று பொருள். கறுப்புத் திரையில் எழுத்துகள் இடமிருந்து வலமாக ஓடிவரும். மேசைமேல் இருப்பது வெறும் டெர்மினல். வேலை செய்யும் கம்ப்யூட்டர் எங்கோ பெருநகரத்தில்.

அந்த இரைச்சலுக்குக் காரணம் உண்டு. தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் போகும். கம்ப்யூட்டரின் ஒன்றையும் பூஜ்யத்தையும் மோடம் ஒலியாக்கி அனுப்ப வேண்டியிருந்தது. மழையில் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் திரையில் குப்பை எழுத்துகள் கொட்டும். பக்கத்து அறையில் யாராவது போனை எடுத்தால் இணைப்பு போய்விடும். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு எம்.பி. கோப்பு வர ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும்.

1998இல் தனியாருக்கும் இணையச் சேவை உரிமம் கிடைத்தது. பின்னர் பி.எஸ்.என்.எல்.லின் சஞ்சார்நெட் உள்ளூர் அழைப்பிலேயே இணைப்பு தந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டி பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. பிளஸ் டூ ரிசல்ட் அன்று பதிவெண் எழுதிய துண்டுச் சீட்டோடு பிள்ளைகளும் பெற்றோரும் அங்கே காத்திருப்பார்கள். சென்டர் பையன் மதிப்பெண்ணை வாசித்துச் சொல்வான். அரசு அறைக்குள் இருந்த டெர்மினல் கடைத்தெருவுக்கு வந்த காலம் அது.

இன்று அது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. பட்டா நகல், வில்லங்கச் சான்று எல்லாம் போனிலேயே பார்க்கலாம். பாலக்கோடு விவசாயி தக்காளி விலையை வீட்டிலிருந்தே கேட்டறிகிறார். பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை செய்யும் மகன் அனுப்பும் பணம் நொடியில் வந்து விழுகிறது. கம்ப்யூட்டர் இப்போதும் எங்கோதான் இருக்கிறது. ஆனால் நடுவில் நின்று கேட்டுச் சொல்ல ஆள் தேவையில்லை; நிமிடக் கணக்கும் இல்லை. அன்றைய இரவுகளை அறிந்த எனக்கு இது பெரும் விடுதலையாகவே படுகிறது.

ஆனால் அன்று லைன் அறுந்தால் மோடம் வாங்க வசதியுள்ள ஒருவருக்குச் சில ரூபாய் நஷ்டம், அவ்வளவுதான். இன்று ரேஷன் கடை கைரேகைக் கருவிக்கு நெட்வொர்க் வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு. சித்தேரி மலையில் சிக்னலுக்காக மேடு தேடி ஏறும் ஊர்கள் உண்டு. அங்கே லைன் அறுந்தால் தடைபடுவது அரிசியும் கூலியும். இணைப்பு என்பது வசதியாக இருந்து வாழ்வாதாரமாக மாறியிருக்கிறது. மலைக்கிராமங்களில் அதன் தரம் மட்டும் அதற்கேற்ப உயரவில்லை.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தில் தருமபுரியின் 251 ஊராட்சிகளும் அடக்கம். அந்தக் கேபிள் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடாமல் மலைக் குக்கிராமங்கள் வரை போக வேண்டும். அதுவரை நெட்வொர்க் வராத நாளில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைக் கொடுத்து அனுப்புங்கள். லைன் கிடைக்காதது மலைக்காரரின் குற்றமல்ல. அதற்கான தண்டனையை அவர் சுமக்கக் கூடாது.